புத்தகம் தைக்கும் நூல்

மாலைத் தேநீர் முடிந்ததும் பள்ளிப் பிள்ளைகளின் கிழிந்த புத்தகங்களைத் தைப்பது என் வழக்கம். ஹாலிஎலயில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் அதை விடவில்லை. தைத்துக்கொண்டே கதை சொல்வேன். கட்டியிருந்த கயிற்றை வெறுத்து அறுத்துக்கொண்ட கன்று பள்ளத்தில் விழுந்த கதைதான் அவர்களுக்கு அதிகம் பிடிக்கும்.

என் ஒரே மகள் பிரஷாந்தினி. அவள் கணவன் மதுரன், பதுளையில் புடைவைக் கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளை. கடையைத் தமையனிடம் விட்டுவிட்டுத் திருகோணமலையில் ஒரு பாய்மரப் படகு வாங்கினான். பந்தயத்துக்கான வேகமும் நெடும்பயணத்துக்கான உறுதியும் அதற்கு உண்டு. பாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே சுருட்டலாம். சுக்கானைக் கருவியே பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு பேர் போதும் மாமா. ஒருத்தர் தூங்கலாம், ஒருத்தர் பாத்துக்கலாம்."

"அப்பாவுக்கு வெலிமடை பஸ்ஸுலயே தல சுத்தும்," என்று மகள் சிரித்தாள்.

முதலில் பந்தயம், பிறகு அப்படியே அவுஸ்திரேலியா என்றார்கள். திரும்பி வருவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவசரத்துக்கு ஒருவர் மட்டும் படகைக் கரைசேர்க்க முடியுமா என்று கேட்டேன். பிரஷாந்தினியே தனியாகக் கொண்டுவந்துவிடுவாள் என்றான். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

விடைபெற வந்தபோது மதுரன் தன் புதிய பாதுகாப்புக் கயிற்றைக் காட்டினான். காவலில் இருப்பவர் இடுப்புப் பட்டியை அதனால் படகோடு பிணைத்துக்கொள்ள வேண்டுமாம். கயிறில்லாமல் விழுந்தால், தூங்குபவர் விழிப்பதற்குள் படகு வெகுதூரம் போய்விடுமாம்.

அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது, அந்தக் கயிற்று முனையின் தையலைப் பிரித்து, புத்தகம் தைக்கும் நூலால் மீண்டும் தைத்தேன். இரண்டும் வெள்ளை நூல்; பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அரைகுறையாக வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் குடைக்கும் தனித்தனி ஆணி உண்டு. ஒருவர் குடையை மற்றவர் தொடுவதில்லை. கடலிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"என்னோடது புதுசு மாமா. அதான் அவளுக்கு மாட்டிவிட்டுட்டுத் தூங்கப் போனேன்," என்றான், தனியாகத் திரும்பி வந்த மதுரன். அவன் விழித்து மேலே வந்தபோது யாருமில்லை. படகு மட்டும் நேர்த்தியாகப் போய்க்கொண்டிருந்ததாம்.

விசாரணைக்காக நீங்கள் மேசையில் வைத்திருக்கும் கயிற்று முனையில் இருப்பது என் நூல்தான், ஐயா. மதுரனுக்காகத் தைத்தது.

அவன் படகை விற்றுவிட்டு என்னோடு தங்கிவிட்டான். தன் தூக்கம்தான் அவளைக் கொன்றது என்று நம்புகிறான். காலையில் எனக்கு வெந்நீர் வைக்கிறான். என் வேட்டியைத் துவைக்கிறான். இப்போதும் என் குடையோடு வெளியே நிற்பான். அவனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். பரிகாரம் செய்பவனைத் தடுக்கக் கூடாது. நான் அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன்.