அறுபத்து மூன்றாவது சூரிய நமஸ்காரம்

ஹலோ... ஹலோ? கேக்குதுங்களா?... ஆங், வணக்கம். புதுசா பிள்ளை பெத்தவங்களுக்கான மனநல உதவி எண் இதுதானே?... இதுதான், இதுதான். நல்லது. ஒரு புகார் குடுக்கணும்... இல்லைங்க, உங்க மேல இல்ல. என் மேல. புகார் குடுக்கறவனும் நான்தான், செஞ்சவனும் நான்தான். யாரையும் தேட வேண்டியதில்ல.

...பேர் சொல்ல வேண்டியதில்லையா? பரவாயில்ல, சொல்லிடறேன். வெல்கோ. சோம்போர்லருந்து அபாத்தினுக்கு பஸ் ஓட்டறேன்... ஆமா, ஆமா, இது புகார் எண் இல்லன்னு தெரியும். ஆனா போஸ்டர்ல இந்த ஒரு நம்பர்தானே போட்டிருக்கு? நூத்தியெட்டு சூரிய நமஸ்காரம், வர்ற நிதி எல்லாம் உங்க உதவி எண்ணுக்குன்னு... அதேதான். இன்னிக்குத்தான். தீயணைப்பு நிலைய ஹால்ல. இப்ப அந்த ஹாலுக்கு வெளிய கார்ல உக்காந்திருக்கேன். சட்டை இல்லாம. இல்லாமன்னு சொல்ல முடியாது, காலர் இருக்கு. இடது கை இருக்கு. நடுவுலதான் ஒண்ணும் இல்ல.

...எப்படி உணர்றேனா? குளிருதுங்க.

...யாரும் அடிக்கல, யாரும் அடிக்கல. நான்தான் யோகா மாஸ்டரோட சட்டையைக் கிழிச்சிட்டேன்... ஹலோ? இருக்கீங்களா?... இருக்கீங்க. சரி. நாலு மணிக்கு என் பொண்டாட்டி நெவேனா பிள்ளையோட இங்க வர்றா. அதுக்குள்ள எனக்கு ரெண்டு பதில் வேணும். ஒண்ணு, இந்தச் சட்டைக்கு என்ன பண்றது. ரெண்டாவது, அவகிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லவா, வேண்டாமான்னு... இல்ல, ரெண்டாவது அப்புறம். முதல்ல சட்டை.

...முதல்லருந்தா? சரி. நாப்பது பேர் பாய் விரிச்சிருந்தோம். பாதிப் பேர் புது அம்மாங்க, மீதி அப்பனுங்க. ஆளுக்கு ஆள் பணம் போடறவங்களைப் பிடிக்கணும். நான் எங்க டிப்போ ஆளுங்களைப் பிடிச்சேன். ஒரு நமஸ்காரத்துக்கு நூறு தினார். பத்தைத் தாண்ட மாட்டான்னு நம்பித்தான் ஒத்துக்கிட்டானுங்க. கோய்கோன்னு ஒருத்தன், என் கூட்டாளி, "உன் தொப்பையைப் பார்த்தா சூரியனே திரும்பிப் போயிடும்டா"ன்னான். அறுபத்து மூணு பண்ணினேங்க!... நன்றி, நன்றி... கடைசி இருபது பண்ணினேனா விழுந்தேனான்னு கேட்டா விழுந்தேன்னுதான் சொல்லணும். ஆனா சரியான வரிசையில விழுந்தேன்.

அந்த அறுபத்து மூணாவதுல ஒரு நிலை வரும், கையை ஊணி, பின்பக்கத்தைத் தூக்கி, நாய் சோம்பல் முறிக்கற மாதிரி. தலை கீழ இருக்கா, கால் இடுக்கு வழியாப் பார்த்தா வாசல் தெரியுது. வாசல்ல கோய்கோ. அவன் பின்னால மொத்த டிப்போவும் நிக்குது. தலைகீழா நின்னு சிரிக்கறானுங்க... ஆமா, அதுக்குத்தான்! உங்களுக்குத் தெரியாததா? பிள்ளை பிறந்தா அப்பனைப் பிடிச்சு சட்டையைக் கிழிச்சாத்தான் நம்ம ஆளுங்களுக்குத் தூக்கமே வரும். எங்க பொண்ணு இஸ்க்ரா பிறந்து மூணு மாசமாச்சு. மூணு மாசமா நான் அவனுங்க கையில சிக்கல. ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். முதுகுவலின்னேன். ஒரு தடவை ரிப்பேர் பார்க்கற மாதிரி பஸ்ஸுக்கு அடியில ஒரு மணி நேரம் படுத்திருந்தேன்.

...ஏன் தப்பிச்சு ஓடினேனா? நல்ல கேள்வி. அது ரெண்டாவது கேள்வியோட சேர்ந்தது. வரேன், வரேன்.

அந்த நிலையில எங்க ஓடறது? பர்ர்ர்னு கிழிச்சானுங்க. நாப்பது பேரும் கை தட்டறாங்க. அப்ப எனக்கு ஒரு வேகம் வந்துச்சு பாருங்க. சுத்திப் பார்க்கறேன், அத்தனையும் புது அப்பனுங்க, ஒருத்தன் சட்டையும் கிழியல! "டேய், என்னை மட்டும் ஏன்டா? இவனுங்களுக்கும்தான் பிள்ளை பிறந்திருக்கு!"ன்னு கத்தினேன். நான்தான் கத்தினேன், மறைக்கல. அவ்வளவுதான். அஞ்சே நிமிஷம். ஹால் பூரா கந்தல். பல் டாக்டர் ஒருத்தர் பனியனோட ஓடறார். பொம்பளைங்க பாயில உருண்டு சிரிக்கறாங்க. நான் நேரா முன்னால போய், "வாழ்த்துகள் மாஸ்டர்!"னு சொல்லி, அவர் காலரைப் பிடிச்சு இடுப்பு வரைக்கும் ஒரே இழுப்பு.

...இல்ல. அவருக்குப் பிள்ளை இல்ல. கல்யாணமே ஆகலையாம்.

...வெள்ளைச் சட்டை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால இந்தியாவுல அவரோட குரு கையால குடுத்ததாம். கிழிச்ச பிறகுதான் சொன்னாங்க. அருமையாக் கிழிஞ்சுதுங்க, பழைய துணி பாருங்க... என்ன பண்ணினாரா? கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். விட்டார். திரும்ப இழுத்தார். நாலு தடவை எண்ணினேன். அஞ்சாவதுக்கு நான் அங்க இல்ல, கார்ல இருந்தேன்.

...சிரிக்கறீங்க... இருமலா? சரி, இருமல்தான்... ஒரு நிமிஷம். இந்த இருமலை நான் கேட்டிருக்கேனே. தொண்டையிலேயே ரெண்டு தடவை சுத்திட்டு வெளிய வரும்... ரதிவோய் அண்ணே? சந்தைத் தெரு கறிக்கடை ரதிவோய் அண்ணேதானே?... யாருன்னு சொல்லக் கூடாதா? விதியா?... சரி சரி. நீங்க அவர் இல்ல. புரிஞ்சுது. வியாழக்கிழமை எனக்கு விலாக்கறி வெட்டிக் குடுத்தது வேற யாரோ.

ஆனா எனக்கு நல்ல காலம்ணே. நீங்களா இல்லாத அந்த ரதிவோய் அண்ணன் இருக்காரே, அவர்கிட்ட "இன்னிக்குக் கறி இளசா?"ன்னு கேட்டா, "இல்ல, கிழம், நாளைக்கு வா"ம்பார். கடைக்காரன் எவன் அப்படிச் சொல்வான்? அப்படி ஒரு ஆள்கிட்டதான் நான் இதைக் கேக்கணும்னு...

இருங்க, இருங்க, யாரோ ஜன்னலைத் தட்டறாங்க... என்னடா கோய்கோ?... கண்ணாடியை இறக்க மாட்டேன், அங்கருந்தே கத்து... மாஸ்டரா? கூப்பிடறாரா? கோவமாவா?... சிரிக்கறாரா? யாரு, அவரா?... வெறும் உடம்போட மீதி நாப்பத்தஞ்சையும் பண்ணப் போறாராம்? அதைப் பார்த்துட்டு பேக்கரிக்கார அம்மா நிதியை ரெட்டிப்பாப் போட்டாங்களா?... அடி சக்கை! சரிடா, வரேன். முக்கியமான போன்ல இருக்கேன்... யார்கிட்டயா? டிப்போல இருந்துடா... ஓ, டிப்போவே இங்கதான் இருக்கா. சரி, கறிக்கடைக்காரர்கிட்டடா! நாளைக்குக் கறி சொல்றேன். போடா.

...மன்னிச்சுக்கங்கண்ணே. அவசரத்துல உண்மையைச் சொல்லிட்டேன். எப்படியோ, சட்டைப் பிரச்சினை தீர்ந்துது. நான் வெச்சிடட்டுமா?

...ஆமா. ரெண்டாவது கேள்வி இருக்கு... ம். இருக்கு.

...சொல்றேன். ஏன் ஓடினேன்னு கேட்டீங்களே. சட்டை கிழியும்போது அப்பன் சந்தோஷத்துல குதிக்கணும். எனக்கு அது வரல... என்ன வரலையா? ஒண்ணும் வரலண்ணே. அவ பிறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழ நின்னேன், எல்லா அப்பனுங்களோடயும், உள்ளதான் விட மாட்டாங்களே. நெவேனா மூணாவது மாடியிலருந்து ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் காட்டினா. பக்கத்துல நின்னவன் அழுதான். அவனைப் பார்த்து நானும் அழுதேன். அவன் மூட்டையைப் பார்த்து அழுதான், நான் அவனைப் பார்த்து அழுதேன். அதுதான் வித்தியாசம்.

...செய்யறேண்ணே, எல்லாம் செய்யறேன். டயபர் மாத்தறதுல போட்டி வெச்சா கோப்பை எனக்குத்தான். பாடறேன், ஆட்டறேன், வயித்துவலிக்குச் சோம்புத் தண்ணி போடறேன். ஆனா தூக்கி வெச்சிருக்கும்போது எப்படி இருக்குன்னா... பஸ்ஸுல ஒரு அம்மா, "கொஞ்சம் பிடிங்க"ன்னு பிள்ளையை நம்ம கையில குடுத்துட்டு டிக்கெட்டைத் தேடுமே, அப்படி இருக்கு. மூணு மாசமா அந்த அம்மா டிக்கெட் தேடிக்கிட்டே இருக்கு.

...இல்ல, நெவேனாவுக்குத் தெரியாது. அவ போன்ல அவங்கம்மாகிட்ட சொல்றா, "வெல்கோ மாதிரி ஒரு அப்பனைப் பார்க்க முடியாதும்மா"ன்னு. நான் சமையலறையில நின்னு கேட்டுக்கிட்டே கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவறேன். அதான் அண்ணே கேள்வி. இதை அவகிட்ட சொல்லவா, வேண்டாமா?

...எனக்கு எப்படித் தோணுதா? எனக்குத் தோணியிருந்தா உங்களை ஏன் கூப்பிடறேன்?... சொன்னா என்ன ஆகும்னு பயமா? அழுவா. இல்ல, அழ மாட்டா, அது இன்னும் மோசம். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிடுவா, சுபோத்திட்சாவுக்கு. அதுவும் என் பஸ் போகாத ஊர்... சொல்லாட்டி என்ன ஆகுமா? அண்ணே! ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டு மூணாத் திருப்பித் தர்றீங்க!... பயிற்சியா? அப்படித்தான் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்களா? எத்தனை நாள் பயிற்சி?... ஆறு வாரமா? ஆறு வாரத்துல ஒரு நல்ல மனுஷனைக் கெடுத்து வெச்சிருக்காங்களே!

...இல்லண்ணே, கோவமில்ல. நீங்க கேக்கறது இதமாத்தான் இருக்கு. இதை நான் இப்பத்தான் முதல் தடவை வாய்விட்டுச் சொல்றேன். கண்ணாடியெல்லாம் மூச்சு படிஞ்சு போச்சு...

அய்யோ. வந்துட்டா. தெருமுனையில திரும்பறா. தள்ளுவண்டியோட. மணி மூணேமுக்கால்தானே ஆச்சு? இவ என்னிக்கு நேரத்துக்கு முன்னால வந்திருக்கா?... கையை ஆட்டறா. நானும் ஆட்டறேன். பார்த்துட்டா, சட்டையைப் பார்த்துட்டா... சிரிக்கறாண்ணே. நடுத்தெருவுல வண்டியைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு சிரிக்கறா. ஒரு கையால வயித்தைப் பிடிச்சுக்கிட்டா. இவ இப்படிச் சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சு... இதுக்கு நடுவுல போய் எப்படிண்ணே சொல்றது?

...உங்க விருப்பம்னு மட்டும் சொல்லாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க அவர் இல்லவே இல்லன்னு கோய்கோ மேல சத்தியம் பண்றேன்.

...ம்?... உங்களுக்கும் ஒண்ணும் வரலையா?... யாரு பிறந்தப்ப, உங்க பெரிய பையனா? அந்த ஆறடி துஷானா?... எத்தனை மாசம்?... ஏழா!... ம்... ம்... யார்கிட்டயும் சொல்லலையா?... அண்ணிகிட்ட கூடவா?... அவங்களா கண்டுபிடிச்சாங்களா? எப்போ?

...ஓ.

...ரெண்டு வருஷம் கழிச்சு.

...அவங்க என்ன சொன்னாங்க?... "தனியா எதுக்கு சுமந்தே"ன்னு கேட்டாங்களா... அவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?... ரெண்டு பேருமா? ஒரே வீட்டுக்குள்ள, ஆளுக்கொரு அறையில?...

...ம். அழலண்ணே. ஜலதோஷம்.

...வந்துட்டா. இந்தப் பக்கக் கதவுக்கு வர்றா. பிள்ளை முழிச்சிருக்கு, தொப்பி கண்ணை மறைக்குது. அண்ணே, நேரமில்ல. சொல்லவா, வேண்டாமா?

...திரும்பச் சொல்லுங்க.

..."சொல்லிடு." அவ்வளவுதானா? முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் இல்லாம?... "இப்பவே."

...சரிண்ணே. கதவைத் திறக்கறேன். வைக்கறேன்.