பெஞ்சுக்கு ஒரு மாப்பிள்ளை

"ஹலோ... ஆங், சொல்றா கிளாட்சா... கேக்குது, கேக்குது, கத்தாத. கை ரெண்டும் மீனு. போன தோள்ல இடுக்கிக்கினு பேசறேன். நழுவுச்சின்னா நெத்திலிக்குள்ளதான் வுழும். சீக்கிரம் சொல்லு..."

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் பூசை முடிந்து வந்த யூஜின், ஒதியம்பட்டில் தன் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எல்லாம் இடது கையால்தான். அந்தப் பக்கம் பேசியது அவர் மனைவி அந்தோணி மேரியின் தம்பி கிளாட்சன். இருவருக்கும் பேச உலகத்தில் ஒரே விஷயம்தான் உண்டு, அது ஒதியம்பட்டு கூடைப்பந்து அணி. இருவரும் பந்தைத் தொட்டுப் பல வருஷமாகிறது. ஆனால் அணி தோற்ற அன்று இரண்டு வீட்டிலும் சோறு இறங்காது.

இந்த வருஷம், சுற்றுவட்டார ஊர்கள் மோதுகிற கொம்யூன் கோப்பை முதல் சுற்றில் அப்படிப் பல நாள் இறங்கவில்லை. ஆடுகிற ஐந்து பேர் மீது யூஜினுக்குக் குறை கிடையாது. மூன்றாவது குவார்ட்டரில் அவர்களுக்கு மூச்சு வாங்கும்போது மாற்றாள் இறங்க வேண்டும் அல்லவா, அப்போது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அவருக்கு அருவருப்பாக வரும்.

"பெஞ்சா அது? த்தூ... இல்லடா, நீயே சொல்லு. நேத்து பாகூர்க்காரனோட மேட்ச். முன்னாடி இருக்கறோம்... ஆமா... ஆமா ஆமா, நல்லாவே முன்னாடி. கோச்சு திரும்பி, சிவப்பிரகாசம் எறங்குடான்றாரு. அவன் கையில இன்னா இருந்துது?... பஜ்ஜி. மொளகா பஜ்ஜி. பேப்பர்ல எண்ணெயப் புழிஞ்சிக்கினு, ஒரு நிமிசம் சார்ன்றான்... சிரிக்காத. எனக்கு வாந்தி வருது, நீ சிரிக்கற."

சிவப்பிரகாசம் அந்த எண்ணெய்க் கையோடு இறங்கி, முதலில் வந்த பந்தையே பாகூர்க்காரனுக்கு வழுக்கிக் கொடுத்ததை யூஜின் ஒரு தடவை சொன்னார். ஆத்திரம் அடங்காமல் இன்னொரு தடவையும் சொன்னார். அடுத்து புகழ்வேந்தனைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிள்ளை ஆட்டம் நடக்கும்போதே பெஞ்சில் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. தலைமுடி கலையும் என்று எகிறிக் குதிப்பதில்லை. குதிக்காதவனுக்குக் கூடைப்பந்து எதற்கு, பல்லாங்குழி ஆடலாமே என்பது யூஜினின் கட்சி.

"மாத்தியே ஆவணும்... ஆமா. இன்னிக்கி சாயங்காலத்தோட முடியுது இல்ல?... அதான் சொல்றேன். ரெண்டாவது ரவுண்டுக்கும் இதே தண்டங்கள இஸ்துக்கினு போனா, ஊரு பேர ஜெர்சில போட்டுக்கவே கூடாது. வெறும் துணிய மாட்டிக்கினு போவட்டும்."

ஆள் மாற்றுவதும் அத்தனை லேசு இல்லை. கொம்யூன் கோப்பையில் கண்டவனைக் கண்ட ஊருக்கு இறக்க முடியாது. முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவில், சாயங்காலக் கெடுவுக்குள், ஓர் ஊர் இன்னோர் ஊரோடு ஆளை மாற்றிக்கொள்ளலாம். வருகிறவனுக்கு அந்த ஊரில் உறவு இருக்க வேண்டும். தாய் பிறந்த ஊராக இருக்கலாம், அல்லது அவன் அந்த ஊருக்கு மாப்பிள்ளையாக இருக்கலாம். வேறு வழி கிடையாது.

"யாரு, பாகூரு தமிழ்க்குமரனா? அவங்க அம்மா நம்ம ஊருதான், சரி... சரி, தூரத்துலேர்ந்து போடறான், ஒத்துக்கறேன். பந்த எவனுக்காச்சும் குடுத்து பாத்துருக்கியா நீ? சொத்த எழுதிக் கேட்ட மாதிரி வச்சிக்குவான்... அய்ய, வேணாண்டா. வேற சொல்லு... எவன்? திருவாண்டார்கோயில் கம்பெனில லோடு ஏத்தறானே, அவனா? என் ஷிப்டுலதான்டா வேலை செய்யறான், தெனம் பாக்கறேன். முட்டி போயி கெடக்குது. கீழ வுழுந்த பேனாவ எடுக்க ஆள் கூப்புடறவன். பந்து எடுக்கப் போறானா?"

இப்படியே இன்னும் இரண்டு பேரை அவர் தட்டிக் கழித்தார். ஒருத்தன் குடிகாரன், ஒருத்தன் நடுவரிடம் வாய்த்தகராறு செய்து பாதியில் வெளியே போகிறவன். கிள்ளிய நெத்திலித் தலைகள் ஒரு பக்கம் குவிந்துகொண்டே போயின. அவற்றைப் பார்த்தாலும் அவருக்குப் பெஞ்சு ஞாபகம்தான் வந்தது.

"இரு, அது இன்னா சத்தம்?... தொப்பு தொப்புன்னு. எவனோ பந்து தட்டறான்... கிரவுண்டுலயா? இந்த வெயில்ல எவன்டா கிரவுண்டுல?... சரி வுடு. நமக்கு வோணுங்கறது உயரமா ஒருத்தன். கூடைக்கி கீழ நின்னு, பட்டுத் திரும்பற பந்த எட்டிப் புடிச்சிக் குடுத்தா போதும். ரீபவுண்டு மட்டும். அப்பிடி ஒருத்தன் சொல்லு... ஆங்... ம்..."

யூஜின் கையிலிருந்த நெத்திலி நசுங்கியது.

"அந்தப் பேர என் காதுல போடாதன்னு சொல்லிருக்கறேன், இல்ல?"

அந்தப் பேர் பாக்யராஜ். செல்லிப்பட்டு ஆள். சுற்றுவட்டாரத்தில் அவனைப்போல ரீபவுண்டு எடுக்கிறவன் கிடையாது என்று யூஜினே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. பிறகு ஒரு வருஷம், இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில், ஒதியம்பட்டுக்காரன் எறிந்த பந்து கூடையை நோக்கி மேலே ஏறுகிற நேரத்தில், அந்த நெட்டை எங்கிருந்தோ எம்பி அதைத் தட்டி விட்டது. ஊரே தலையில் கை வைத்தபோது, யூஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகள் ஜாய்ஸ் மட்டும் கை தட்டினாள். ஆட்டம் தெரிந்த பெண், நல்ல தடுப்பு என்று தட்டுகிறாள் என்றே அவர் நினைத்தார். அவளுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். அப்பனைப்போல அவளுக்கும் இடது கை. இரண்டு மாதத்தில் அவள் செல்லிப்பட்டுக் கோயிலில் அவனோடு மாலை மாற்றிக்கொண்டாள். மாதா கோயிலும் இல்லை, அப்பனிடம் ஒரு வார்த்தையும் இல்லை. கோப்பையும் போனது, பெண்ணும் போனாள். இரண்டையும் எடுத்தது ஒரே கை. அன்று முதல் ஐந்து வருஷமாக அவர் மகளோடு பேசவில்லை.

"வெக்கமா இல்ல ஒனக்கு? நீ தாய்மாமன், போயி வருவ, தின்னுட்டு வருவ, அது உன் இஷ்டம். என்னை இன்னாத்துக்கு இஸ்க்கற?... இன்னாது, அங்கயும் பெஞ்சுலதான் ஒக்கார வச்சிருக்கறாங்களா? அவனயா? எதுக்கு?... கேப்டனோட சண்டையா... அட முட்டாப் பசங்களா. அவன பெஞ்சுல வச்சிக்கினா மொதல் ரவுண்டு ஆடுனானுங்க? கண்ணு இருக்குதா அவனுங்களுக்கு?... தே, நான் அவனுக்குப் பரிஞ்சி பேசல. ஆட்டத்தப் பேசறேன்."

செல்லிப்பட்டுக்காரர்கள் பாக்யராஜை விடத் தயார் என்பதும், பதிலுக்குச் சிவப்பிரகாசத்தைக் கேட்கிறார்கள் என்பதும் தெரிந்தபோது யூஜினுக்குச் சிரிப்பு வந்தது, அருவருப்பான சிரிப்பு. சிவப்பிரகாசத்துக்கு மனைவி ஊர் செல்லிப்பட்டு. ஆக, மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளை. அழுகின தக்காளியைக் கொடுத்துவிட்டு வஞ்சிரம் வாங்குகிற வியாபாரம். மற்ற எவனாக இருந்தாலும் யூஜின் இந்நேரம் துள்ளிக் குதித்திருப்பார்.

ஆனால் மாப்பிள்ளை என்று ஒருத்தனைக் கொண்டுவர ஒரு சட்டம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் செல்லிப்பட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து ஓர் உயரமான ஆளை வரவழைத்து, எங்கள் ஊர் மாப்பிள்ளை என்று இறக்கினார்கள். விசாரித்தால் அப்படி ஒரு பெண்ணே ஊரில் இல்லை. வில்லியனூரில் கூடிய கூட்டத்தில் ஒருவர் எழுந்து மேசையைத் தட்டினார். மாப்பிள்ளை என்றால் மாமனார் வரட்டும், வெற்றிலை பாக்குத் தட்டோடு அவன் வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, 'மாப்பிள்ளை, எங்க ஊருக்கு ஆட வாங்க' என்று தன் வாயால் கூப்பிடட்டும், அப்போதுதான் செல்லும் என்றார். கூட்டம் கை தட்டி அதைச் சட்டமாக்கியது. எழுந்து தட்டிய அந்த ஒருவர் யூஜின்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"தெரியும்டா, நான் வச்ச சட்டந்தான். எனக்கே சொல்லித் தரியா?... முடியாது. ம்ஹூம். அவன் வாசல்ல தட்டத் தூக்கிக்கினு நானா? மாப்ளன்னு இந்த வாயாலயா?... ஊருக்கோசரமா? ஊரு எனக்கு இன்னா பண்ணுச்சி? அவ போன அன்னிக்கி டீக்கடையில எனக்கு முன்னாடியே பேசிச் சிரிச்ச ஊரு... தோத்துட்டுப் போறோம் வுடு. இந்தப் பெஞ்ச வச்சிக்கினே தோப்போம். பஜ்ஜி துன்னுக்கினே தோப்போம்."

சமையலறையில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றுவிட்டது. அந்தோணி மேரி காது கொடுத்துக் கேட்கிறாள் என்று யூஜினுக்குத் தெரியும். அவர் குரலை இறக்கினார்.

"இன்னா சொன்ன?... யாரு வந்தது?... சிவப்பிரகாசம் மாமனாரா? நெசமா?... எப்போ?... காலையிலயேவா. தட்டோடவா?"

அந்தப் பக்கம் கிளாட்சன் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். யூஜின் வெகுநேரம் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தப் பெரியவரைத் தெரியும். செல்லிப்பட்டு ஆற்றோரம் கத்திரி பயிரிடுகிறவர், பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவர். அந்த மனுஷன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒதியம்பட்டு வரைக்கும் வந்து, சிவப்பிரகாசம் வீட்டு வாசலில் நின்று, மாப்பிள்ளை ஆட வாங்க என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்தத் தண்டத்துக்கா?... பஜ்ஜிக்காரனுக்கா? அவன மதிச்சி ஒரு மனுசன் தட்டத் தூக்கிக்கினு வரானா? அழுதுட்டாராமா?... எவன், சிவப்பிரகாசமும் அழுதானா? அய்யே... த்தூ."

த்தூ என்று சொன்னாலும் அதில் பழைய காரம் இல்லை. யூஜினுக்கு வலித்தது. ஒன்றுக்கும் ஆகாத ஒருவனுக்கு வாசல் தேடி வர ஒரு மாமனார் இருக்கிறார். வட்டாரத்திலேயே நல்ல ஆட்டக்காரன் ஒருத்தன் தன் ஊர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவனைக் கூப்பிட ஒரு வாய் இல்லை. இருக்கிற வாயும் நெத்திலி கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நேரம் பெஞ்சைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது யார் மேல் வருகிறது என்று அவருக்கே புரிந்தது, புரிந்ததும் பிடிக்கவில்லை.

"கிளாட்சா, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. நீ எங்க இருக்கற?... கிரவுண்டுல இல்ல. கிரவுண்டுல சேவல் கூவுமா? கரண்டி சத்தம் கேக்குமா?... டேய்... செல்லிப்பட்டுலயா ஒக்காந்துக்கினு இருக்கற? அவ வூட்லயா?... அப்போ நான் பேசனதெல்லாம்... எல்லாத்தயுமா?... அடப்பாவி. வைடா போன. வைன்றேன்... வேணாம், குடுக்காத. யாருகிட்டயும் குடுக்காத. கிளாட்சா..."

தோளில் இடுக்கியிருந்த போனை அவர் மீன் கையாலேயே எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டார். அணைத்துவிட ஒரு விரல் போதும். அந்த விரல் நகரவில்லை.

"...ம்."

"...ம். கேக்குது."

"...இருக்கறேன். நல்லாதான் இருக்கறேன். மீனு ஆஞ்சிக்கினு இருக்கறேன்... நெத்திலி... ஆமா, ஒங்கம்மா கொழம்புதான் வப்பா... தே, அழாத. போன்ல அழுதா எனக்குப் புடிக்காது... நான் ஒண்ணும் மன்னிக்கல. ஆட்டத்துக்குத்தான் கேக்கறேன். ரீபவுண்டுக்கு. ஒம் புருசனுக்கோசரம் இல்ல, சொல்லிடு அவன்கிட்ட... பக்கத்துல நிக்கறானா? நிக்கட்டும். அன்னிக்கி தட்டனது சுத்தமான தடுப்புதான், ஃபவுல் இல்லன்னு சொல்லு. அவ்ளோதான்."

அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. தொப்பு, தொப்பு. தட்டுகிற கைக்குப் பழக்கம் போதவில்லை. ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு, பிறகு பந்து எங்கேயோ உருண்டு போய், பின்னாலேயே ஒரு குட்டிச் சிரிப்பு. மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பது யூஜினுக்குத் தெரியும். பார்த்ததில்லை. அந்தோணி மேரி போனில் படம் காட்ட வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அவர்.

"அது... அதுவா பந்து தட்டுது?... பெரிய பந்தா? நெசப் பந்தா? அந்த வயசுக்கு ரப்பர் பந்து குடுக்கறதில்லையா, மணிக்கட்டு இன்னாத்துக்கு ஆவறது... அவன் கேக்க மாட்டானா? அப்பனா அவன்... இரு, இரு. நான் கேக்கறத சொல்லு. எந்தக் கையாலம்மா தட்டறா?... ஹலோ... எந்தக் கைன்னு கேட்டேன்... ஜாய்ஸு... ஹலோ..."

திரை கறுத்துவிட்டது. காலையிலிருந்து சார்ஜ் போடவில்லை. யூஜின் அதை இரண்டு தட்டு தட்டினார், செதில் ஒட்டிய விரலால் தேய்த்தார், சனியன் என்று திட்டினார்.

திரும்பினால் சமையலறை வாசலில் அந்தோணி மேரி நின்றிருந்தாள். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மடிப்புக் கலையாத ஒரு வேட்டி. காலையில் பூசை முடிந்து அவள் வாங்கிக் கொடுத்த பையில், மீனுக்கு மேலே இருந்த கட்டு அதுதான் போலிருக்கிறது. வில்லியனூரிலிருந்து வீடு வரைக்கும் அதைத் தூக்கி வந்தவரே அவர்தான்.

யூஜின் தன் இடது கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"சோப்பு எடு," என்றார். "இந்தக் கவிச்சோடவா கொழந்தயத் தூக்கறது."