சிவப்பு வெள்ளைக் கட்டையை எடுத்தது நான்

எனது பெயர் கொன்ஸ்ரன்ரைன் நோபேட். வயது 43. தொழில், ஹாட்வெயார் கடையில் பெயின்ட் கலந்து விற்பது. வசிப்பது கொட்டாஞ்சேனையில், தொடர்மாடி வீட்டில். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்தபடியால் ஆறுதலாகப் படித்தேன் என்று சொல்லலாம். இந்த வாக்குமூலத்தைப் பொலிஸ் நிலையத்தில் தமிழில் தருகிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. மனைவி ஜீவராணி வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான்.

எனது மகள் டில்ஷானிக்கு ஒன்பது வயது. வாய் ஓயாமல் கதைப்பாள், ஆனால் புத்தகத்தில் ஒரு வரி வாசிக்க அவளுக்கு வியர்த்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி டீச்சர் வெள்ளவத்தையில் உள்ள ஒரு நிலையத்துக்கு, உளவியலாளர் சுதர்சினி மிஸ்ஸிடம் அனுப்பினார். முதல் நாள் மிஸ் எங்களை இருத்தி, பிள்ளை எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், குடும்பத்தில் வேறு யாருக்கும் வாசிக்கக் கஷ்டமா என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "சீச்சீ, எங்கட பரம்பரையே பேப்பர் வாசிக்கிற பரம்பரை மிஸ்" என்றேன்.

அதன் பின்னர் மகளை மட்டும் உள்ளே எடுத்தார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகளைப் படத்தில் உள்ளது போல அடுக்கச் சொன்னதையும் மகள் தடுமாறியதையும் கண்டேன். மிச்சத்தை அடுத்த கிழமை பார்ப்போம் என்று மிஸ் சொன்னார். மகள் தண்ணீர் கேட்டு மிஸ்ஸுடன் வெளியே போன நேரம் நான் உள்ளே போய் ஒரு கட்டையைக் காற்சட்டைப் பையில் போட்டேன், படங்களைப் போனில் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் புலமைப்பரிசில் சோதனைக்குப் பழைய கேள்விப் பேப்பர் செய்விக்காத தகப்பன் இல்லை. இதுவும் ஒரு சோதனைதானே என்று நினைத்தேன்.

அதன் பின்னர் முகத்துவாரத்தில் தச்சு வேலை செய்யும் டெரிக்கிடம் அதே அளவில் கட்டைகள் வெட்டுவித்தேன். "என்ன மச்சான், இந்த வயசிலயா விளையாட்டு?" என்று கேட்டான். பெயின்டை நானே கலந்தேன். சிவப்பு அச்சொட்டாக வந்தது. வாழ்க்கையில் எனக்கு அச்சொட்டாக வந்தது அது ஒன்றுதான். பின்னேரங்களில் மகளுக்குப் படம் படமாகப் பழக்கினேன். ஒவ்வொன்றையும் அடுக்கிவிட்டு, "சரியா டடி?" என்று கேட்பாள்.

அதன் பின்னர் மறுபடி போனோம். மிஸ் இரவல் வாங்கிய கட்டைப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். மகள் மளமளவென்று அடுக்கினாள். மிஸ் யோசித்துவிட்டுப் புதிதாக ஒரு படத்தை வைத்தார். மகள் கையைக் கட்டிக்கொண்டு, "இது டடி இன்னும் சொல்லித் தரல்ல மிஸ்" என்றாள்.

மிஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். "எங்கட பெட்டியில கட்டையொண்டு குறையுது, நோபேட். நிலையத்தால பொலிசுக்கும் சொல்லியாச்சு. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் எடுத்தன் மிஸ். டடிக்குத் தெரியாது" என்றாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் ஏதோ குறித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் என் கையைச் சுரண்டி, "சரியா டடி?" என்று கேட்டாள்.

வீட்டில் மகள் சொன்னதைக் கேட்டு மனைவி, "புள்ளய கள்ளியாக்கிட்டு வந்திருக்கீங்களே" என்றாள். விடிந்ததும் இங்கு வந்தேன். கட்டையை ஒப்படைத்துவிட்டேன். மகள் களவெடுக்கவில்லை. அவள் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது. மிஸ் எழுதப்போகும் அறிக்கையில் களவும் பொய்யும் அவளுடைய குணமாக ஏறக்கூடாது. அப்படி ஏறினால் அவளுடைய உண்மையான கஷ்டத்தை யாரும் தேடமாட்டார்கள்.

வாசித்துப் பார்த்து ஒப்பமிடும்படி உத்தியோகத்தர் தாளை நீட்டினார். நீங்களே வாசியுங்கள் என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லையா என்று கேட்டார். எனக்குக் கண்ணாடி கிடையாது. சின்ன வயதிலிருந்தே எழுத்துகள் எனக்கு வரிசையில் நிற்பதில்லை; கடையில் டின்களையும் நிறத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். சுதர்சினி மிஸ் முதல் நாள் கேட்ட கேள்விக்கு இதுதான் சரியான பதில். இதையும் எழுதி அவருக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உத்தியோகத்தர் வாசிக்க முழுவதையும் காதால் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
கொ. நோபேட்