குச்சியில் ஒன்றும் இல்லை

விமான விளையாட்டுக்கு நல்ல குச்சிதான், நல்ல ஜாய்ஸ்டிக்தான் வாங்கி வந்திருக்கிறீர்கள். இதையெல்லாம் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். பிடி கனமாக இருக்கிறது. திருகினால் மெத்தென்று திரும்புகிறது, விட்டால் நடுவுக்கு வந்து நிற்கிறது. பில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான். தம்பிக்கு இது தேவைப்படாது.

உட்காருங்கள். உள்ளே தூங்குகிறான். சாப்பாடு ஊட்டி இப்போதுதான் படுக்க வைத்தேன். "அவன் கையில ஒண்ணுமில்லண்ணா, அந்தக் குச்சிதான் கெட்டுப்போயிருக்கு" என்று வாசலில் நின்றபடியே சொன்னீர்கள். பாதி சரி. மீதிப் பாதி முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தவரைப் பதில் சொல்லாமல் அனுப்புவது மரியாதையும் இல்லை.

அந்தச் சண்டை விமான விளையாட்டில் அவனோடு ஜோடியாகப் பறந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாததா. சக்கர நாற்காலியில் சமையலறைக்கும் கூடத்துக்கும் போய்வருகிறவன் தனக்கு ஆமை என்று பெயர் வைத்துக்கொண்டு, ஜெட்டில் ஏறிவிட்டால் எதிரிகளை ஓட ஓட விரட்டுவான். "சிட்டு, பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று அவன் கத்துவது முன்னறையில் என் கடைவரை கேட்கும். அந்தச் சிட்டு யாரென்று வெகுநாள் எனக்குத் தெரியாது. எவனோ ஒரு பையன் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கானை நீங்களெல்லாம் காலால் மிதித்துத் திருப்புகிறீர்கள். அவனுக்குக் கால் செத்துப்போனதால், குச்சியின் பிடியையே மணிக்கட்டால் திருகி அந்த வேலையைச் செய்தான். ஜெட்டில் சுக்கானுக்குப் பெரிய வேலை இல்லை என்று அவனே சொல்வான். சாய்த்து இழுத்தால் திரும்பிவிடுமாம். ஆனால் வேகம் குறைந்து எதிரியோடு மல்லுக்கு நிற்கும்போதும், குறுக்குக் காற்றில் தரையிறங்கும்போதும் அந்தச் சின்னத் திருகல் இல்லாமல் முடியாது.

அவன் காலை முடக்கிய நரம்பு வியாதி கைக்கும் ஏறலாம், ஏறாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து காலையில் எழுந்ததும் அவனுக்கு ஒரு வேலை. ஒரு விமானத்தை எடுத்து, காற்றை எதிர்த்து, ஓடுபாதையின் நடுக்கோட்டில் பிசகாமல் இறக்குவான். இறங்கிவிட்டால் "கை நல்லாருக்குண்ணா" என்பான். பிறகுதான் காபி. இதை உங்களிடம் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னான்.

ஒரு நாள் சாப்பிடும்போது முகமெல்லாம் சிரிப்பாக விஷயத்தைச் சொன்னான். சிட்டு பெண்ணாம், தன்னோடு வந்துவிடச் சொன்னீர்களாம். உங்கள் ஊரில் லிஃப்ட் வைத்த வீடாம். விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு கம்பெனியில் திரை முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை தயாராக இருக்கிறதாம். எல்லாம் சொல்லிவிட்டு என் தோளில் தட்டி, "இனிமே நீ ஃப்ரீண்ணா" என்றான்.

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா, அம்மா போனபிறகு அவனைக் குளிப்பாட்டித் துடைத்துத் தூக்கி வைத்தவன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில், "தம்பிய எங்கயாவது சேர்த்துவிடுவீங்களா?" என்று கேட்டார்கள். கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தவன் நான். இதையெல்லாம் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஃப்ரீயாக இருந்து நான் என்ன செய்ய? ஆனால் சண்டை போடவில்லை. "நல்லதுடா" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

அவன் குச்சியை நான்தான் மாதாமாதம் துடைத்துச் சரிபார்ப்பேன். அடித்தட்டைக் கழற்றினால், பிடி எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிற ஒரு சின்னத் துண்டு உள்ளே இருக்கும். அதன் திருகாணியைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தினேன். பிடி நேராக இருக்கும், விமானத்தின் மூக்கு மட்டும் இடப்பக்கம் போகும். அவ்வளவுதான். பயந்து பயந்து செய்கிற வேலையெல்லாம் இல்லை எனக்கு அது, தினம் செய்கிற வேலைதான்.

மறுநாள் காலை விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் விழுந்தது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முட்டாள் இல்லை. திருகு குச்சி தேய்ந்தால் ஒரு பக்கம் இழுக்கும் என்பது அந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, கைதானா, இல்ல குச்சியா? நீ பாத்துச் சொல்லு" என்று நீட்டினான். கடையில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது. அவனுக்குத் தெரியாமல் அதை மாற்றி மாட்டி, திரையில் முள் நடுவில் அசையாமல் நிற்பதைக் காட்டினேன். "குச்சில ஒண்ணும் இல்லடா" என்றேன். அது பொய் இல்லை. அந்தக் குச்சியில் ஒன்றும் இல்லை.

சில நாட்கள் மனசு கேட்காமல் நல்ல குச்சியையே வைத்தேன். அன்றைக்குச் சரியாக இறக்கிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பான். அடுத்த நாள் மறுபடி புல். டாக்டர் தட்டிப் பார்த்தார், ஊசி வைத்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. "விட்டு விட்டு வருதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று இரண்டு பேரும் சொன்னோம். அந்த வியாதி ஆரம்பத்தில் அப்படித்தான் வருமாம். கையை அலட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் அலட்ட விடவே இல்லை. மணிக்கட்டும் விரலும் அசையாதபடி பட்டை போட்டுக் கட்டினேன். ஊட்டினேன், பல் தேய்த்துவிட்டேன், தலை சீவிவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் உங்களைப் போலவே எனக்கும் இரக்கம் வந்தது. கட்டை அவிழ்த்துவிட்டு நல்ல குச்சியைக் கையில் கொடுத்தேன். நிஜமாகவே நல்லது. அவனால் அதைத் திருக முடியவில்லை. விரல் மூடவே இல்லை. இடது கையை நான் தொட்டதுகூடக் கிடையாது, அதுவும் பயந்து அடங்கிப்போனது. பயிற்சி கொடுத்தால் இரண்டும் தேறலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவனைப் போட்டு ஏன் வதைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆமாம், உங்களுக்கு வந்த அந்தச் செய்தியைத் தட்டியதும் நான்தான். அவனால் முடியாதே. அவன் சொல்லச் சொல்லத்தான் தட்டினேன். கை தேறும்வரை காத்திருப்பீர்களா, தேறாவிட்டாலும் கூட்டிப்போக வருவீர்களா என்று என்னென்னவோ சொல்லி அழுதான். அவ்வளவையும் ஒரு பெண்ணுக்கு அனுப்பினால் அவனுக்கு என்ன மரியாதை இருக்கும்? சுருக்கி, "வரவில்லை, இனி அழைக்க வேண்டாம்" என்று அனுப்பினேன். பதில் வந்ததா, பதில் வந்ததா என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது கேட்பதில்லை.

கதவு திறந்துதான் இருக்கிறது. போய் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன். என்ன சொல்வீர்கள் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். உன் கை கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது, உன் அண்ணன்தான் அதைச் சாகடித்தான் என்றா? கேட்டு அழுதால் கண்ணைத் துடைக்கக்கூட அவனுக்கு நான்தான் வரவேண்டும். நாளைக்கு நீங்களும் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டால், அவன் யாரைப் பார்த்து வாயைத் திறப்பான்?

வாயைப் பொத்திக்கொண்டது நல்லது. எழுந்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணா, ஏதோ பேச்சுச் சத்தம் கேக்குதே. யாரு வந்திருக்கா?"

"யாருமில்லடா. நான்தான்."

பார்த்தீர்களா, நான்தான் என்றதும் எவ்வளவு நிம்மதியாக அமைதியாகிவிட்டான்.