வீட்டுக்காரர், பத்து நிமிடம்

ஐயா, மாலைக்குள் தரச் சொன்ன வாக்குமூலத்தை இந்நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளவும். பல் முளைக்கும் குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

என் பெயரும் அட்டை எண்ணும் மேலே கட்டத்தில் உள்ளன. வயது இருபத்தெட்டு. முகவரி: பாலத்தடித் தெரு, தையற்கடை மாடி. ஆற்றின் இரு கரையிலும் உள்ள இரண்டு சங்கங்கள் சேர்ந்து ஒரே ரத்ததானப் பட்டியலை நடத்துகின்றன. இங்கே ஆள் கிடைக்காவிட்டால் அங்கிருந்து வருவார்கள், அங்கே இல்லையென்றால் இங்கிருந்து போவார்கள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று மாதம் ஒருமுறை அக்கரை போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை.

ஆட்சி மாறியதும் பாலம் மூடப்பட்டது. தொலைபேசியும் அதோடு நின்றது. நான்கு மாதம் கழித்து, சென்ற மாதம்தான் எனக்கு அனுமதிச்சீட்டு கிடைத்தது. அங்கே யாரைப் பார்த்தாலும் எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டும் என்றார்கள். அதன்படி, "சங்கச் செயலாளர், நாற்பது நிமிடம். வீட்டுக்காரர், பத்து நிமிடம்" என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டேன்.

"அந்தப் பக்கம் உங்களுக்கு வீடு வேற இருக்காம்மா?" என்று கேட்டீர்கள்.

"வீடெல்லாம் இல்ல சார். வீட்டுக்காரர் மட்டும்தான்."

"வீடு இல்லாம வீட்டுக்காரர் எங்கேருந்தும்மா வந்தாரு?"

தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டார். அதன் பிறகு என் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

இப்போது பதில் சொல்கிறேன். அவர் என் கணவர். அக்கரைச் சங்கத்தில் ரத்தப் பரிசோதகர். பாலம் மூடிய அன்று அங்கே பணியில் இருந்தார். அக்கரையில் பிறந்தவர் என்பதால் அவருக்கு இங்கே வரச் சீட்டு இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் பட்டியலைச் சரிபார்த்தோம். அதன் பிறகு, "பாப்பா தவழுறாளா?" என்று கேட்டார். "நிக்கவே ஆரம்பிச்சுட்டா" என்றேன். இப்போது நடக்கிறாள். அதை அவருக்குச் சொல்ல வழியில்லை.

அவர் தங்கியிருக்கும் மாடி எங்கள் மாடியிலிருந்து தெரியும். தினமும் வேலை முடிந்ததும் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போடுவார். அதைப் பார்த்த பிறகுதான் குழந்தைக்குச் சோறு ஊட்டுவேன். மூன்று நாளாகக் கொடியில் கோட்டு இல்லை.

இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தே கையெழுத்திடுகிறேன். அறிக்கையில் அந்த வார்த்தையைக் "கணவர்" என்று திருத்தித் தருகிறேன். இந்த மாதம் நான் போக வேண்டிய நாள் வியாழக்கிழமை. சீட்டு கிடைக்குமா, கிடைக்காதா என்று சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.