குருவி வீட்டுப் பாட்டின் பொருள்

பாட்டை வெறுமனே கேட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். கித்தார் அலறினால் தலையை ஆட்டுவார்கள். வரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் ராக் குழுவில் அந்த வேலை என்னுடையது. பேஸ் கித்தார் வாசிப்பேன். புதுப் பாட்டு வந்ததும் நேரலையில் உட்கார்ந்து, மழை எதைக் குறிக்கிறது, துரு எதைக் குறிக்கிறது என்று விளக்குவேன். எழுதிப் பாடுகிற திலீப்பே வாயைப் பிளந்து கேட்பான். "நான் இவ்ளோ யோசிக்கல லா, சேது" என்பான். அடக்கம் என்று நினைத்தேன்.

பிழைப்புக்கு என் சீன முதலாளி தவுக்கேயின் குருவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். எஸ்டேட் ஓரத்தில் ஜன்னலே இல்லாத மூன்று மாடிக் கட்டடம். குருவிகள் வந்து கூடு கட்ட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் இரவு பகலாகக் குருவிச் சத்தம் ஓடும். சூப்பு வைக்க வாங்கும் கூட்டுக்கு நல்ல விலை என்பதால் திருடனுக்குப் பயந்து இரும்புக் கதவு. திலீப்புக்கு ஒருமுறை சுற்றிக் காட்டினேன். கொஞ்ச நாளில் பாட்டு வந்துவிட்டது.

'ஜன்னல் இல்லாத வீடு, சாவி அவன் இடுப்பில், ஓட்டை வழியே வந்து போகுது ஒத்தக் குருவி.'

ஊரே பாடியது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஜன்னல் இல்லாத வீடு என் வீடு. சாவிக்காரன் நான். குருவி என் மனைவி ரமணி. அவளும் திலீப்பும் ரவாங்கில் ஒரே ஃபேக்டரி, ஒரே பஸ்.

நேராகவே கேட்டேன். "குருவி வீடுதான்டா, நீதான காட்டுன" என்று சிரித்தான். எந்தக் கள்ளன் தானே ஒப்புக்கொண்டான்? ரமணியைக் கேட்டேன். "பாட்டுக்கெல்லாமா சந்தேகப்படுவாங்க?" என்று அழுதாள். குற்றமில்லாதவள் ஏன் அழ வேண்டும்? அடுத்த பாட்டில் பஸ் வந்தது. 'பக்கத்து சீட்டுல வெயில் உக்காந்திருக்கு' என்று எழுதியிருந்தான். சீட் காலியாக இருந்தது, அதனால் எழுதினேன் என்றான். நான் சின்னப்பிள்ளை இல்லை.

தீபாவளிக்கு முந்திய நாள் அவனைக் கூப்பிட்டேன். பாட்டின் தொடக்கத்தில் நிஜக் குருவிச் சத்தம் வைக்கலாம், உள்ளே போய்ப் பதிவு செய் என்றேன். சந்தோஷமாக வந்தான். அவன் அம்மா எனக்காகச் சுட்ட முறுக்கைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான். மேலே குருவி நுழையும் ஓட்டைக்கு எட்டாதபடி ஏணியை முன்பே வெளியே எடுத்திருந்தேன். உள்ளே ஈரத்துக்காகத் தண்ணீர் தெளிக்கும் குழாயையும் மூடியிருந்தேன். அந்தச் சுவருக்குள் போனுக்கு லைன் கிடைக்காது. கதவைப் பூட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். குருவி வீடு கத்தினால் எங்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிறகு ரமணியை உலு யாமுக்கு, என் அக்கா சின்னத்தாய் வீட்டுக்கு, அழைத்துப் போனேன். முறுக்கு நன்றாக இருந்தது என்று அக்கா சொன்னாள். லீவு முடியும் வரை அங்கேயே இருந்தோம். நடுவில் ரமணி வந்து, "திலீப் அண்ணன காணோம்னு அவங்கம்மா அழுவுறாங்க, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். அண்ணன் என்ற சொல்லை எவ்வளவு பழக்கமாகப் போடுகிறாள் என்று கவனித்துக்கொண்டேன்.

நேற்று அவன் போனில் பதிவாகியிருந்ததை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முதலில் குருவிகள். அப்புறம் கதவைத் தட்டும் சத்தம். "சேது, கதவு மாட்டிக்கிச்சுடா." நெடுநேரம் கழித்து, தொண்டை கிழிந்த குரலில், தன் அம்மாவிடம் பேசுவது போலப் பேசுகிறான். "பயப்படாதம்மா. சாவி சேதுகிட்டதான் இருக்கு. அவன் வந்துருவான்."

நீங்கள் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உன்னை இவ்வளவு நம்பியவனா உனக்குத் துரோகம் செய்திருப்பான் என்று கேட்டீர்கள்.

பூட்டியது நான். கொன்றது நான். அதில் உங்களுக்கு எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சில் சாவி என்று அவன் சொன்னது சாவியை அல்ல, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.