சத்தம் தாண்டாத சுவர்

பச்சை நிறத்தைப் பார்த்தால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை ஐயா. எங்கள் மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான். இங்கே யார் மனசு ஆறியது?

ஆனால் கல்வராயன் மலையில் நான் காவல் இருந்த அந்த விடுதியை அதை நம்பித்தான் கட்டினார்கள். பட்டணத்திலிருந்து ஒரு அம்மா வந்து ஒவ்வோர் அறையையும் யோசித்து யோசித்து அமைத்தார். கடிகாரம் இல்லை. கண்ணாடி இல்லை. சுவர் மூலையெல்லாம் வளைத்துப் பூசியிருக்கும். விளக்கு எங்கே எரிகிறதென்றே தெரியாது. எல்லாவற்றுக்கும் கோடியில் மௌன அறை. சுவருக்குள் பஞ்சும் தேங்காய் நாரும் அடைத்து, கதவு ஓரத்தில் ரப்பர் வைத்து, உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காதபடி செய்திருந்தார்கள். மனசு நொந்து வந்தவர்கள் உள்ளே போய் அழுதுவிட்டு முகம் தெளிந்து வருவார்கள். நானே பார்த்திருக்கிறேன். அது மட்டும் உண்மை.

என் மனைவி செல்லியம்மாள் அங்கே துணி துவைத்தாள். எங்கள் மகள் தங்கமணி உளுந்தூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். புருசன் அடிக்கிறான் என்று துணிமூட்டையோடு வந்து நின்றாள். பொம்பளை புகுந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். நானே பஸ் ஏற்றிவிட்டேன். அடுத்த வாரம் பிணத்தை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆள் வந்தது. நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை.

கருமாதி முடிந்த பிறகும் செல்லியம்மாள் ஒப்பாரியை நிறுத்தவில்லை. விடிந்தால் பாட்டு, விளக்கு வைத்தால் பாட்டு.

மானேஜர் சுப்புராயன் கூப்பிட்டார். “யோவ் மாயவா, நிம்மதி வேணும்னு மலை ஏறி வர்றாங்க. உம் பொண்டாட்டி இன்னாடான்னா எழவு வூடு நடத்திக்கினு இருக்குது. நிறுத்தச் சொல்லு. இல்லன்னா ரெண்டு பேரும் கீழ எறங்குங்க.”

கீழே எங்களுக்கு வீடு கிடையாது. அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னேன்.

“பாட்றதுக்கு உன்னக் கேக்கணுமா? அவள பஸ் ஏத்தறப்ப என்னக் கேட்டியா?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். ரேசன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து செல்லியம்மாள் வாயில் என் பேர் வந்ததில்லை. அன்று பகலில், கொடியில் போர்வையைக் காயப்போட்டுக்கொண்டே பாடினாள்.

“அடி தாங்காம வந்தவள
அன்னிக்கே அனுப்பிட்டியே
மாயவன் வாசலுல
மவளுக்கு எடமில்லியே”

அடுக்களையில் வேலை செய்யும் கொளஞ்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இன்னா பெரியப்பா, பேரையே சொல்லிடுச்சி. இனிமே ரேசன் கடைக்கித் தொணைக்கி ஆள் வேணாம்.” பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று விருந்தாளி யாரும் இல்லை. சாயங்காலம் அவளை மௌன அறைக்குக் கூட்டிப் போனேன்.

“இங்க பாடு. யாரும் கேக்க மாட்டாங்க.”

“கேக்கத்தான் பாடறேன்” என்றாள்.

கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டேன். அப்படி ஓர் அமைதி. கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மரம் உள்ளிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்த அம்மா வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். விடிந்து திறந்தபோது செல்லியம்மாள் வாசல் பக்கம் தலை வைத்துக் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினால் போதும், என் பேர் ராகத்தோடு வருகிறது. யாராவது ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் ஐயா.

மோட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்றை மோட்டார்தான் உள்ளே தள்ளும். அது எனக்குத் தெரியும். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு என்பதும் தெரியும். ஆனால் அந்த மோட்டார் லேசாக இரையும். துக்கத்தில் இருப்பவளுக்கு அந்த இரைச்சல் இடைஞ்சலாக இருக்குமே என்றுதான் சுவிட்சை அணைத்தேன்.